84 எடுத்தால் பி, 52 எடுத்தால் ஏ: ரெலேட்டிவ் கிரேடிங்கில் நான் பட்டது

தங்கைக்கு இந்த வருஷம் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கிறது. சேர்க்கைக் கடிதத்தோடு ஒரு விதிமுறைப் புத்தகமும் வந்தது. வீட்டில் எல்லாரும் விடுதிக் கட்டணம் எவ்வளவு, பஸ் எந்தப் பக்கம் வரும் என்று பேசிக்கொண்டிருந்தபோது நான் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பாதிக்கு மேல் தாண்டி ஒரு பத்தியில் அந்த வார்த்தை இருந்தது: ரெலேட்டிவ் கிரேடிங், அதாவது வகுப்பில் மற்றவர்கள் எடுத்த மார்க்கோடு ஒப்பிட்டு கிரேடு போடும் முறை. 2016-ல் எனக்கு வந்த புத்தகத்திலும் இருந்தது, ஆனால் நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. அதற்கு நான் கொடுத்த விலை 60,000 ரூபாய், ஒரு முழுக் கோடை விடுமுறை, அப்புறம் என் அறைத்தோழியிடம் சொன்ன ஒரு பொய். பணத்தை எப்படியோ சமாளித்துவிட்டோம். அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது. யாராவது ஒரு அக்காவோ அண்ணாவோ முதல் வாரத்திலேயே பிடித்து உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பள்ளிபாளையம் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். பிளஸ் டூவில் நான் 1200-க்கு 1131, கணக்கில் சென்டம். நம் ஊர் பிளஸ் டூ எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும், அப்போது பாடத்துக்கு 200 மார்க், 200-க்கு 200 எடுத்தால் 200-தான், பக்கத்து பெஞ்சில் இருப்பவள் எவ்வளவு எடுத்தாள் என்பதால் என் மார்க் மாறாது. ஒரே வகுப்பில் பத்துப் பேர் சென்டம் எடுத்தாலும் பத்துப் பேருக்கும் சென்டம்தான். கவுன்சலிங் வரும்போதுதான் மற்றவர்களின் மார்க் நமக்குப் பிரச்சினை ஆகும். அந்தப் பழக்கத்தோடு நான் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) சேர்ந்தேன். 80-க்கு மேல் எடுத்தால் நல்ல மார்க், 90-க்கு மேல் எடுத்தால் மிக நல்ல மார்க், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கணக்கு.

முதல் செமஸ்டரில் சி புரோகிராமிங் இருந்தது, நாலு கிரெடிட் (கிரெடிட் என்பது மொத்தக் கணக்கில் அந்தப் பாடத்துக்கு உள்ள எடை). வகுப்பில் 62 பேர். அதில் பாதிப் பேர் பதினொன்றாம் வகுப்பிலேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்து புரோகிராம் எழுதிப் பழகி வந்தவர்கள். நான் பயாலஜி குரூப். ஃபார் லூப் என்றால் என்ன என்று புரியவே எனக்கு மூன்று வாரம் ஆனது. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்து, இன்டர்னல், லேப், செமஸ்டர் எல்லாம் சேர்த்து 100-க்கு 84 வந்தது. அவ்வளவு சந்தோஷம். விடைத்தாளைக் காட்டும் நாள் ஒன்று உண்டு, திருத்திய தாளை வாங்கிப் பார்த்து, கூட்டல் தப்பு, மார்க் போடாமல் விட்டது ஏதாவது இருந்தால் கேட்கலாம். நான் போகவில்லை. 84 வந்தாயிற்று, இனி எதற்கு என்று அறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து கிரேடு வந்தது. பி. நான் முதலில் தவறாகப் பதிவாகிவிட்டது என்றே நினைத்தேன். அப்பாவிடம் போனில் சொன்னபோது, "ஏன் கண்ணு, 84 வாங்குனா அது நல்ல மார்க்குதானே, அப்புறம் எதுக்கு பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ரெலேட்டிவ்மா, புக்ல இருக்கு" என்றார்.

புத்தகத்தில் இருந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால்தான் மற்றது புரியும். முதலில் வகுப்பின் சராசரியை எடுப்பார்கள். அப்புறம் எல்லாருடைய மார்க்கும் அந்தச் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதற்கு ஒரு எண், அதுதான் ஸ்டாண்டர்டு டீவியேஷன், எல்லாரும் எஸ்டி என்போம். எங்கள் இடத்தில் சராசரியோடு ஒன்றரை எஸ்டி கூட்டினால் வருவது எஸ் கிரேடின் எல்லை, அரை எஸ்டி கூட்டினால் ஏ, அரை எஸ்டி கழித்தால் பி, ஒரு எஸ்டி கழித்தால் சி, ஒன்றரை கழித்தால் டி. எஸ் என்றால் 10 பாயின்ட், ஏ 9, பி 8, இப்படி இறங்கும். மற்ற இடங்களில் இந்த அளவுகள் மாறும், சில இடங்களில் முதல் இத்தனை சதவீதத்துக்கு இந்த கிரேடு என்று வைத்திருப்பார்கள், ஆனால் அடிப்படை ஒன்றுதான். என் சி புரோகிராமிங் வகுப்பின் சராசரி 81, எஸ்டி 7. ஏ எல்லை 81 கூட்டல் மூன்றரை, அதாவது 84.5.

நான் அரை மார்க்கில் ஏ-வை விட்டிருந்தேன். விடைத்தாள் பார்க்கும் நாள் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அந்த அரை மார்க் எங்கே போய் இடித்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இதைக் கேளுங்கள்: விடைத்தாள் காட்டும் நாளில் எவ்வளவு நல்ல மார்க் வந்திருந்தாலும் போய்விடுங்கள். எல்லை எங்கே விழும் என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியாது, உங்களுக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. 84-ம் 84.5-ம் ஒன்றுதான் என்று பிளஸ் டூ மனசு சொல்லும். இங்கே அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு பாயின்ட் கிடக்கிறது. ஆசிரியரிடம் போய் மார்க் போடுங்கள் என்று கெஞ்சச் சொல்லவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டி, கூட்டலைச் சரிபார்த்து, விட்டுப்போனது இருந்தால் மரியாதையாகக் கேட்பது நம் உரிமை.

இரண்டாவது அடி வேறு மாதிரி வந்தது, அதை அடி என்று சொல்வதே தப்பு, அது கைகொடுத்தது. மூன்றாம் செமஸ்டரில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ். பாடம் எடுத்தவர் மிகவும் கெட்டிக்காரர், வினாத்தாளும் அப்படியே. தேர்வு அறையில் கேள்விகளைப் படித்துவிட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் முன்னால் இருந்தவன் ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விட்டான், அவன் பின்னாலேயே நாலைந்து பேர் போனார்கள். நான் கடைசி மணி வரைக்கும் உட்கார்ந்து, தெரிந்த ஃபார்முலாவையாவது எழுதி, பாதிக் கணக்கில் நின்றாலும் அதுவரைக்கும் உள்ள படிகளை எழுதிவைத்துவிட்டு வந்தேன். எல்லாம் சேர்த்து 100-க்கு 52. பிளஸ் டூவில் 52 வந்திருந்தால் எங்கள் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்திருக்காது. ஆனால் வகுப்புச் சராசரி 41, எஸ்டி 12, ஏ எல்லை 47. எனக்கு ஏ.

அன்றைக்குத்தான் இந்த முறையின் நல்ல பக்கத்தைப் பார்த்தேன், அதை மறைக்க எனக்கு மனமில்லை. வினாத்தாள் கடினமாக வந்தால் அது மாணவரின் குற்றம் இல்லை. பழைய முறையாக இருந்திருந்தால் அந்த வகுப்பில் பெரும்பாலோர் 50-க்குக் கீழே கிடந்திருப்போம், ஒரு மோசமான வினாத்தாள் 62 பேரின் சிஜிபிஏ-வையும் (எல்லாப் பாடத்தின் பாயின்டையும் கிரெடிட் எடையோடு சேர்த்து எடுக்கும் சராசரி) ஒரே நாளில் இழுத்துக்கொண்டு போயிருக்கும். இந்த முறை இருப்பதால்தான் அந்த ஆசிரியரால் பயமில்லாமல் யோசிக்கவைக்கும் கேள்வி கேட்க முடிந்தது, எல்லாரும் ஃபெயில் ஆகிவிடுவார்களே என்று போன வருஷக் கேள்வியையே திருப்பிக் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. கை தாராளமான ஆசிரியரிடம் படித்தவனுக்கும் கஞ்சத்தனமாக மார்க் போடுகிறவரிடம் படித்தவனுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தையும் இது ஓரளவு நிரப்புகிறது.

இங்கே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, கடினமான தேர்வில் பாதியில் எழுந்து போகாதீர்கள். உங்களுக்குக் கடினம் என்றால் மற்றவர்களுக்கும் கடினம், அப்படிப்பட்ட தாளில் படிகளுக்காகக் கிடைக்கும் நாலு மார்க் உங்களை ஒரு கிரேடு மேலே தூக்கிவிடலாம். இரண்டு, இன்டர்னல் மார்க்கைத் தனியாகப் பார்த்துப் பயப்படாதீர்கள். என் வகுப்பில் ஒருத்தி சிக்னல்ஸ் முதல் இன்டர்னலில் 50-க்கு 14 வந்ததும் பயந்துபோய் அந்தப் பாடத்தையே வித்டிரா செய்துவிட்டாள். வகுப்புச் சராசரி 16. அவள் நடுவில்தான் இருந்தாள். அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே பாடத்தைப் படித்தாள், வீணாக ஒரு செமஸ்டர். எந்த மார்க் வந்தாலும் முதல் கேள்வி "ஆவரேஜ் எவ்வளவு?" என்பதாக இருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் ஆசிரியரிடமே கேளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

நாலாம் செமஸ்டரில் சுற்றுச்சூழல் அறிவியல். மூன்று கிரெடிட், சுலபமான பேப்பர், "சும்மா எழுதினாலே 85 வரும்" என்று சீனியர்கள் சொன்னார்கள். அதே நேரத்தில் ஒரே பாடத்தை நாலைந்து ஆசிரியர்கள் எடுப்பார்கள், யாரிடம் சேர்வது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். நான் மார்க் அள்ளிப் போடுகிறவர் என்று பெயர் எடுத்த ஆசிரியரின் வகுப்பைப் பிடிக்க விடியற்காலை எழுந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பதிவு செய்தேன். இடம் கிடைத்தபோது ஏதோ லாட்டரி அடித்த மாதிரி இருந்தது. எனக்கு 86 வந்தது. கிரேடு சி.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஆசிரியர் மார்க் அள்ளிப் போட்டது எனக்கு மட்டும் இல்லை. சராசரி 89, எஸ்டி வெறும் 4. ஏ எல்லை 91, பி எல்லை 87, சி எல்லை 85. அதோடு, விடியற்காலை எழுந்து பதிவு செய்தவர்கள் யார்? துறையின் படிப்ஸ் மொத்தமும் அந்த வகுப்பில்தான் இருந்தார்கள். கிரேடு போடுவது வகுப்பு வாரியாக என்பதால், பக்கத்து அறையில் கறாரான ஆசிரியரிடம் அதே பாடத்தைப் படித்து 78 எடுத்தவனுக்கு ஏ வந்தது. 86-க்கு சி, 78-க்கு ஏ, ஒரே பாடம், ஒரே வளாகம், நடுவில் ஒரு சுவர்தான்.

என் அனுபவத்தில் சுலபமான பேப்பர்தான் ஆபத்தானது. எல்லாரும் மேலே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்போது இரண்டு மார்க் தவறினால் ஒரு கிரேடு போய்விடும். கடினமான பேப்பரில் மார்க் பரந்து கிடக்கும், சிக்னல்ஸில் ஏ எல்லைக்கும் பி எல்லைக்கும் நடுவில் மட்டும் 12 மார்க் இருந்தது. நான் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, சிக்னல்ஸுக்கு உயிரைக் கொடுத்துவிட்டு சுற்றுச்சூழலைத் தேர்வுக்கு முந்தின ராத்திரி படித்தேன். ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போதும் "மார்க் போடுவாரா" என்று பார்க்காதீர்கள். எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து ஒரே சராசரி எடுக்கிறார்களா, வகுப்பு வாரியாகவா என்று முதலில் விசாரியுங்கள். வகுப்பு வாரியாக என்றால், யாரிடம் உங்களுக்குப் பாடம் புரிகிறதோ அவரிடம் போங்கள்.

சரி, பணக் கதைக்கு வருகிறேன். சேரும்போது பிளஸ் டூ மார்க்கைப் பார்த்து ஆண்டுக் கட்டணத்தில் 45,000 ரூபாய் தள்ளுபடி கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் சிஜிபிஏ 8-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதலாம் ஆண்டு முடிவில் 8.06, எப்படியோ தப்பித்தேன். இரண்டாம் ஆண்டு முடிவில் 7.96. தள்ளுபடி போயிற்று. அதுவரைக்கும் 90 கிரெடிட் முடித்திருந்தேன். சி புரோகிராமிங் நாலு கிரெடிட், அதில் ஒரு பாயின்ட் கூடியிருந்தால் 90-ல் நாலு, அதாவது 0.044. 7.96 எட்டைத் தாண்டியிருக்கும். அந்த அரை மார்க், துணி துவைத்துக்கொண்டிருந்த அந்த ஒரு மதியம், 45,000 ரூபாய். இதை நான் கணக்குப் போட்டுப் பார்த்த ராத்திரி தூங்கவில்லை. அப்பாவிடம் "பாலிசி மாத்திட்டாங்கப்பா" என்று சொன்னேன். அவர் அந்தப் பணத்தைச் சீட்டு எடுத்துக் கட்டினார்.

பிளேஸ்மென்ட் பயம் வேறு. நல்ல சம்பளம் தருகிற கம்பெனிகள் 8-க்கு மேல் இருந்தால்தான் தேர்வு எழுதவே விடுவார்கள், அவர்களின் பட்டியலில் எந்த வகுப்பில் எந்தச் சராசரியில் வந்த எட்டு என்பதற்கு ஒரு கட்டமும் இல்லை. அதனால் 2018 கோடையில் சுற்றுச்சூழல் பாடத்தை கிரேடு உயர்த்திக்கொள்ள மறுபடி பதிவு செய்தேன். பதிவுக்கு 6,000, விடுதியில் ஆறு வாரம் தங்க 9,000. எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள், மெஸ்ஸில் முப்பது பேர்கூட இல்லை, மே மாத வெயிலில் தனியாக அந்த அறையில் கிடந்தேன். வகுப்பில் 22 பேர்தான். அவ்வளவு குறைவான ஆட்களை வைத்து சராசரி, எஸ்டி பார்த்து கிரேடு பிரிக்க முடியாது என்பதால் அந்த வகுப்புக்கு நேரடி கிரேடு: 90-க்கு மேல் எஸ், 80-க்கு மேல் ஏ. நான் 87 எடுத்தேன். ஏ வந்தது.

ஒரு மார்க்தான் கூடியிருக்கிறது, 86-லிருந்து 87. கிரேடு சி-யிலிருந்து ஏ. சிஜிபிஏ 8.03 ஆனது, ஆனால் முடிவு ஜூலையில் வந்தது, தள்ளுபடிப் பட்டியல் ஜூனிலேயே போய்விட்டது. எனவே நீங்கள் மறுபடி எழுதுவதாக இருந்தால் எந்தத் தேதிக்குள் முடிவு வந்தால் பயன்படும் என்பதை எழுத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சிறிய வகுப்புக்கு எத்தனை பேர் வரை நேரடி கிரேடு என்பதும் விதிமுறையில் இருக்கும். எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம், எடுக்கும்போது அது மிகவும் உதவும், மூன்றாம் ஆண்டில் நான் 14 பேர் மட்டும் இருந்த ஒரு எலெக்டிவ் எடுத்து நிம்மதியாகப் படித்தேன், ஆசிரியரும் ஒவ்வொருவர் பெயரையும் தெரிந்துவைத்திருந்தார்.

இனி சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. சிக்னல்ஸ் செமஸ்டருக்கு நாலு நாள் முன்னால் என் அறைத்தோழி வந்து, "உன் நோட்டைக் கொஞ்சம் தர்றியா, ஃபூரியர் மட்டும் பாத்துட்டுத் தர்றேன்" என்று கேட்டாள். அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி, தமிழ்வழியில் படித்து வந்தவள், வகுப்பில் வேகமாகச் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள அவளால் முடியாது. என் நோட்டு முழுசாக இருந்தது. அந்த நேரத்தில் என் மனசில் ஓடியது ஒன்றே ஒன்று: அவள் மார்க் ஏறினால் சராசரி ஏறும், சராசரி ஏறினால் என் கிரேடு இறங்கும். "நானே சரியா எழுதலடி, வேற யார்கிட்டயாவது கேளு" என்று சொல்லிவிட்டேன். அதற்கு முந்தின வாரம்தான் அவள் எனக்குக் காய்ச்சல் என்று மெஸ்ஸிலிருந்து கஞ்சி வாங்கிவந்து கொடுத்திருந்தாள்.

நான் மட்டும் இப்படி ஆகவில்லை. முதல் வருஷம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து படித்தோம். இரண்டாம் வருஷத்தில் குழுவில் யாரும் எதையும் போடுவதில்லை, "படிச்சிட்டியா?" என்று கேட்டால் எல்லாரும் "இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். லைப்ரரியில் ஒரே பிரதி இருக்கும் புத்தகத்தைத் தப்பான அலமாரியில் செருகிவைப்பவர்கள் இருந்தார்கள். ஜேஇஇ மெயின் தேர்விலும் ஒப்பிட்டுத்தான் பெர்சென்டைல் போடுகிறார்கள், ஆனால் அதை லட்சக்கணக்கானவர்கள் எழுதுகிறார்கள், பக்கத்தில் இருப்பவரை ஏமாற்றி யாரும் முன்னேற முடியாது. 62 பேர் வகுப்பில் போட்டியாளருக்கு முகம் இருக்கிறது, அவள் நம் அறையிலேயே தூங்குகிறாள். இந்த முறையில் நான் பார்த்த பெரிய கேடு இதுதான். அடுத்தவர் தோற்றால் நமக்கு லாபம் என்று பதினெட்டு வயதில் ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுக்கிறது, வேறு எந்தப் பாடத்தையும்விட ஆழமாக.

அந்தக் கோடையில் தனியாக இருந்தபோது எக்செல்லைத் திறந்து இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் சிக்னல்ஸில் எடுத்தது 27, டி கிரேடு. என் நோட்டைப் படித்து அவளுக்குப் பத்து மார்க் கூடியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம், 37. பத்து மார்க்கை 62 பேருக்குப் பங்கிட்டால் சராசரி 41-லிருந்து 41.16 ஆகும். அவள் சராசரிக்கு அருகில் வருவதால் எஸ்டி 12-லிருந்து கொஞ்சம் குறைந்து 11.88 ஆகும். ஏ எல்லை 47-லிருந்து 47.1. நான் எடுத்தது 52. எனக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. அவளுடைய டி பி ஆகியிருக்கும்.

நம்ப முடியாமல் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். அப்புறம் சி புரோகிராமிங் வகுப்பையும் எடுத்துப் பார்த்தேன். 67 எடுத்த மூன்று பேருக்கு யாராவது சொல்லிக்கொடுத்து ஆளுக்குப் பத்து மார்க் ஏறி 77 ஆகியிருந்தால், சராசரி ஏறுவதைவிட எஸ்டி அதிகமாகச் சுருங்கி எஸ் எல்லை 91.5-லிருந்து 91-ஆக இறங்குகிறது. பின்தங்கியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் மேலே இருப்பவருக்கு எஸ் வாங்குவது சுலபமாகிறது. நடுவில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் இடிக்கும், பி எல்லை 77.5-லிருந்து 78.3-க்கு ஏறும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நல்ல நோட்டு வகுப்பு முழுக்கச் சுற்றி எல்லாருக்கும் பத்து மார்க் ஏறினால் எல்லையும் பத்து ஏறும், அப்போது யாருக்கும் கிரேடு மாறாது, ஆனால் 62 பேருக்கும் பாடம் தெரிந்திருக்கும். அறைத்தோழிக்கு ஒரு நோட்டுக் கொடுப்பதால் யாருடைய வாழ்க்கையும் கவிழாது. நான் கணக்கில் சென்டம் எடுத்தவள், இந்தக் கணக்கைப் போடாமலே பயந்திருக்கிறேன்.

கடைசி வருஷம் அவளிடம் சொன்னேன். மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரு நிமிஷம் பேசவில்லை, அப்புறம் "எனக்கு அப்பவே தெரியும்டி, தலகாணிக்கு அடியில இருந்துச்சு" என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. நாங்கள் இப்போதும் பேசிக்கொள்கிறோம். அவள் இன்றைக்கு நல்ல வேலையில் இருக்கிறாள், அந்த டி இருந்ததால் இரண்டு கம்பெனித் தேர்வுகளை எழுத முடியாமல் போனது என்பதும் எனக்குத் தெரியும்.

இந்த முறை சரியா தவறா என்று என்னைக் கேட்டால், இடத்தைப் பொறுத்தது என்பேன். சில நூறு பேர் ஒரே வினாத்தாளை எழுதி, எல்லாப் பிரிவுக்கும் சேர்த்து ஒரே சராசரி எடுக்கும்போது அது நியாயமாகவே வேலை செய்கிறது. சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பில்கூட தேறியவர்களை வரிசைப்படுத்தி முதல் எட்டில் ஒரு பங்குக்கு ஏ1, அடுத்த எட்டில் ஒரு பங்குக்கு ஏ2 என்று பிரித்துக்கொண்டுதான் போகிறார்கள், பக்கத்திலேயே மார்க்கும் அச்சாகியிருப்பதால் யாருக்கும் பெரிய சேதம் இல்லை. இந்த முறை எதிர்பார்ப்பது பெரும்பாலோர் நடுவில், இரண்டு ஓரத்திலும் சிலர் என்ற மணி வடிவ வளைவை; 60 பேர் வகுப்பில் அந்த அழகான வளைவு பல நேரம் இருப்பதே இல்லை. எங்கள் சி வகுப்பில் ஏற்கெனவே படித்து வந்தவர்கள் ஒரு குவியல், என்னைப் போன்றவர்கள் ஒரு குவியல், ஒட்டகத்தின் இரட்டைத் திமில் மாதிரி இருந்தது. அதன் மேல் ஒற்றை வளைவைப் போர்த்தினால், பள்ளியில் யாருக்கு வசதி இருந்தது என்பதைத்தான் அந்த கிரேடு அளக்கும். மணி வடிவத்தில் மார்க் சரியாக விழுந்தாலும் 62 பேரில் நாலு பேருக்குத்தான் எஸ், ஒரு பதினைந்து பேருக்கு ஏ, கிட்டத்தட்ட 19 பேர் பி-க்குக் கீழே போயே ஆக வேண்டும், அவர்கள் எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும். பாடம் தெரியுமா தெரியாதா என்ற கேள்விக்கு அந்த எழுத்து பதில் சொல்வதே இல்லை.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். எல்லைகளை மட்டும் போர்ட்டலில் போட்டுவிட்டு சராசரியைச் சொல்லாத இடங்கள் உண்டு. எங்களுடையது போன்ற முறை என்றால் ஏ எல்லையிலிருந்து பி எல்லையைக் கழித்தால் எஸ்டி, இரண்டுக்கும் நடுப்புள்ளி சராசரி. 47, 35 என்றால் எஸ்டி 12, சராசரி 41. சீனியர்களிடம் போன வருஷ எல்லைகளைக் கேட்டு வாங்கி இப்படிப் போட்டுப் பார்த்தால் எந்தப் பாடம் நெருக்கமானது, எது பரந்தது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். இன்னொன்று, படிப்பு முடிக்கும்போது எந்த முறையில் கிரேடு போடப்பட்டது என்று பல்கலைக்கழகத்தின் கடிதம் ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், வகுப்பில் உங்கள் இடம் எத்தனையாவது என்று தருவார்கள் என்றால் அதையும். மேல்படிப்புக்கு வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது 52-க்கு ஏ எப்படி என்று மார்க் பட்டியலைப் பார்க்கிறவருக்கு விளங்காது. நான் வாங்காமல் விட்டு, இரண்டு வருஷம் கழித்து அதற்காகவே லீவு போட்டு பஸ் ஏறிப் போய் மூன்று நாள் அலைந்தேன்.

தங்கைக்கு முதல் இன்டர்னல் முடிந்துவிட்டது. 50-க்கு 31 என்று போனில் சொன்னாள், குரல் கம்மியிருந்தது. ஆவரேஜ் எவ்வளவு என்று கேட்டேன். 27 என்றாள். எஸ்டி தெரியாது என்றாள், நாளைக்கு சாரிடம் கேட்பதாகச் சொன்னாள். அவள் அறையில் இருக்கும் பெண்ணுக்கு 16 வந்திருக்கிறதாம், அழுதுகொண்டே இருக்கிறாளாம். போனை வை, முதலில் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடவை, அப்புறம் உன் நோட்டை எடுத்துக் கொடு என்றேன்.